வலது பக்க வளையம்

ஜூன் 3

தம்பிக்கு,

பத்து நாளைக்கு முன்னால் பைண்டிங் கூடத்தில் ஒருத்தியின் பல்லை உடைத்துவிட்டேன். ஒன்றரை அடி இரும்பு ஸ்கேல் கையில் இருந்தது, அவளும் எட்டும் தூரத்தில் இருந்தாள். தையல் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். "வாயாலேயே புருஷனைக் கொன்னவ இவதானா?" என்று என் முதுகுக்குப் பின்னால் கேட்டாள். நான் திரும்பினேன். அதுவரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது. பிறகு பார்த்தால், அடுக்கி வைத்திருந்த பாடப்புத்தகங்களின் மேல் ரத்தம் தெறித்திருந்தது. நாற்பது பிரதி வீண். முதலாளி என்னைப் பதினைந்து நாள் வீட்டில் கிட என்று அனுப்பிவிட்டார்.

அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தெரியாது, அதுதான் விஷயம். அந்த வெள்ளிக்கிழமை காலை உன் மாமா கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "செத்துத் தொலைங்க" என்று கத்தினேன். தெருவே கேட்டது. ராத்திரி, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அவருடைய கடை எரிந்தது, உள்ளே அவர். ஷட்டரை இறக்கி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, காயிலுக்குப் பூசுகிற வார்னிஷைத் தானே ஊற்றிக்கொண்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலை நேரத்தில் உள்தாழ்ப்பாள் போடுவது அவருடைய பழக்கம்தான். போலீஸ், விபத்தாகவும் இருக்கலாம் என்று எழுதி மூடிவிட்டது. மூன்று வருடமாக நான் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். என் வாயால் செத்தாரா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சாவுக்குக்கூட வராத உன் குரலை இனிக் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னது சொன்னதுதான். போன் செய்யாதே. கடிதத்துக்கு அது பொருந்தாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் சும்மா கிடக்க முடியவில்லை. முன்னறையில் நீயும் மாமாவும் போட்ட பொம்மை ரயில் பாதையின் மேல் மூன்று வருடமாகக் கிடந்த போர்வையை எடுத்தேன். தண்டவாளம் எல்லாம் நன்றாக இருக்கிறது. பின்பக்கம்தான் வெறும் சுவர். கடைத்தெருவை முகப்புக் கட்டடங்களாகச் செய்து அந்தச் சுவரில் வரிசையாக ஒட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. முகம் உண்டு, முதுகு கிடையாது, ஆழம் ஒரு கட்டைவிரல் அகலம். அதற்காக ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று, சுவரில் ஸ்கேலை வைத்துப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படங்களை வைத்துப் பதினான்கு கட்டடம் செய்துவிட்டேன். ஆகஸ்டில் பொம்மை ரயில் சங்கத்துக் கண்காட்சி. அவர் பெயரில் வைக்கப் போகிறேன்.

செய்தவற்றைப் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன். உன் கண்ணுக்குத் தப்பிய தப்பு உலகத்தில் கிடையாது. உனக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தவளே நான்தான். குத்து, பார்க்கலாம்.

நீ அட்டையில் செய்த பஞ்சாலையின் இரண்டு பாதியையும் தெருவின் இரண்டு கோடியில் நிறுத்தியிருக்கிறேன். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இன்னொரு நாள் சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

பல்லோடு விட்டாயே என்று சந்தோஷப்பட்டேன். போன மாதம் இங்கே என்னிடம் அளவுச் சங்கிலி பிடிக்கிறவன் ஓர் அளவைத் தப்பாகச் சொன்னான். கருவி நிற்கிற முக்காலியைத் தூக்கி அவன் தோளில் போட்டேன். காறை எலும்பு முறிந்தது. இந்தப் பாலத்தைக் கட்டி முடிக்கிறவரை வேறு சர்வேயர் கிடைக்கமாட்டான் என்பதால் என்னை வைத்திருக்கிறார்கள். நம் குடும்பத்துக் கை அப்படி. அப்பா கை நமக்கு வந்திருக்கிறது.

சாவுக்கு வரவில்லை என்று எத்தனை தடவை சொல்வாய்? அன்று உன் வீட்டிலிருந்து நேராக ஸ்டேஷன் போய் இரண்டு மணி ரயிலைப் பிடித்தேன். இரண்டு பகல் பயணம். இங்கே வந்து இறங்கிய பிறகுதான் செய்தி கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பஞ்சாலையைப் பற்றி நீ எதுவும் சொல்ல வேண்டாம். எட்டு மாதம் இங்கே உட்கார்ந்து செய்து உங்களுக்குப் பார்சலில் அனுப்பினேன் அக்கா. நான்கு சுவர், மூன்று தளம், உள்ளே படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கைப்பிடி. கூரையை எடுத்துப் பார்த்தால் உள்ளே வரிசையாக இயந்திரம். பத்து நாள் விடுப்பில் ஆசையாக வந்தவன் முன்னால் அது நெடுக்காகப் பிளந்து கிடந்தது. "நான்தான் வெட்டினேன் மச்சான், தண்டவாளத்துக்குப் பின்னாடி நாலு விரல் இடம்தான் இருக்கு, ஒண்ணு ரெண்டாச்சுன்னு வச்சுக்கோயேன்" என்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. செத்தவரைப் பற்றி இதற்குமேல் எழுதக் கூடாது.

இனி உன் தெரு. மருந்துக்கடை மாடி ஜன்னல் பதினோராவது செங்கல் வரிசையில் உட்கார வேண்டும். நீ பன்னிரண்டில் உட்கார வைத்திருக்கிறாய். செங்கல் வரிசையை எண்ணாமல் கண்ணால் அளந்திருக்கிறாய், வெட்கமாக இல்லையா? தபால் நிலையத்துக் கூரை சுவரைத் தொடுகிற இடத்தில் இடுக்கு தெரிகிறது. அந்த இடுக்கு ஒன்று போதும், பார்க்கிறவன் இது அட்டை என்று கண்டுபிடித்துவிடுவான். ஒரு மழைநீர்க் குழாயோ விளம்பரப் பலகையோ வைத்து மறை. நிழலை எல்லாக் கட்டடத்துக்கும் இடப்பக்கம் தீட்டிவிட்டு அச்சகத்துக்கு மட்டும் வலப்பக்கம் தீட்டியிருக்கிறாய். உன் ஊரில் அச்சகத்துக்குத் தனிச் சூரியனா?

ஷட்டர்கள் பிரமாதம். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளைச் சீப்பின் மேல் வைத்து அழுத்தினாயா? எனக்கே தோன்றாத யோசனை. ஆனால் மாமா கடையில் இரண்டு பக்கத் தூணிலும் பூட்டு வளையம் வைத்திருக்கிறாய். வலது பக்கம் வளையம் கிடையாது, பிய்ந்துபோய் இரண்டு ஓட்டைதான். பூட்டு தொங்குவது இடது பக்கம். மாற்று.

தம்பி


ஜூன் 20

குண்டூசிக்கு,

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அச்சகத்துக்கும் ஊர்ச் சூரியனையே கொடுத்தாகிவிட்டது. தபால் நிலையத்து இடுக்கில் ஈயக்கம்பியை வளைத்து ஒரு குழாய் வைத்தேன், கீழே பாசி பிடித்த மாதிரி பச்சையும் தடவினேன். செங்கல் இடுக்குகளில் நீர்த்த சாம்பல் நிறத்தை ஓடவிட்டு, காய்வதற்கு முன்னால் துணியால் துடைத்தால் நன்றாக வருகிறது. நீயும் செய்து பார்.

பல் உடைந்தவளின் அண்ணன் நேற்று வந்தான். வாசல் கதவை உதைத்தான். மூன்றாவது உதையில் கீல் பெயர்ந்து கதவு சாய்ந்தது. உள்ளே வந்தவன் நேராக ரயில் பலகையைப் பார்த்தான். காலைத் தூக்கினான். அடுப்பில் பைண்டிங் பசை கொதித்துக்கொண்டிருந்தது. வாளியோடு எடுத்து அவன் முழங்காலில் ஊற்றிவிட்டேன். கத்திக்கொண்டே ஓடினான், பசையில் ஒட்டிய ஒரு செருப்பு இங்கேயே நிற்கிறது. எடுக்க வரவில்லை. போலீஸுக்குப் போவான் என்று நினைக்கிறேன். போகட்டும். என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் கையால் போட்ட பாதையை மிதிக்கப் பார்த்தான்.

வளையத்துக்கு வருகிறேன். உன் வாழ்க்கையின் முதல் தப்பைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு. மாமா எடுத்த படத்தில் வலது வளையம் பளபளவென்று இருக்கிறது. இடதும் இருக்கிறது. அவர் எப்போதும் வலது பக்கம்தான் பூட்டுவார். ஆகவே உன் பேச்சைக் கேட்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். நீ தப்பு என்று ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுது, சட்டம் போட்டு மாட்டி வைக்கிறேன்.

அந்தக் கடையைச் செய்யும்போது ஒன்று நினைத்தேன். மற்றக் கடைகளுக்கெல்லாம், உள்ளே ஆள் இருக்கிற மாதிரி ஜன்னலுக்குப் பின்னால் மங்கலாக ஓர் உருவம் தீட்டி ஒட்டினேன். இதற்கு மட்டும் ஒட்டவில்லை. ஷட்டருக்குப் பின்னால் அட்டை, அட்டைக்குப் பின்னால் சுவர். உள்ளே ஆள் நிற்க இடமே கிடையாது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, இதை எழுதும்போது அழுகிறேன்.

அக்கா


ஜூன் 28

அக்காவுக்கு,

சட்டத்தை வாங்கிவிடாதே, காசு வீணாகும். நான் தப்பு சொல்லவில்லை.

மாமா அந்தப் படத்தை எப்போது எடுத்தாரோ என்னவோ, பழைய படமாக இருக்கும். நான் கடைசியாகப் பார்த்தபோது வலது வளையம் இல்லவே இல்லை. சும்மா சொல்லவில்லை, கண்ணுக்குள் நிற்கிறது. வளையம் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை, மேலே ஒன்று கீழே ஒன்று. ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து உள்செங்கல் தெரியும், நல்ல சிவப்பு, அழுக்குக்கூட ஏறாத சிவப்பு. அதற்குக் கீழே தூணின் விளிம்பில் பச்சைப் பெயிண்ட் ஈஷியிருக்கும். அதையும் தீட்டு. பூட்டு இடது பக்கம். சந்தேகம் என்றால் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரைக் கேள். அவர் இல்லை என்று சொன்னால் என் காதை அறுத்து உனக்குப் பார்சலில் அனுப்புகிறேன்.

அளவில் நான் தப்பு செய்து நீ பார்த்திருக்கிறாயா?

செருப்பை வெளியே வீசு. அவன் மறுபடி வந்தால் எழுது, நான் வருகிறேன். ஒரு காலோடு வந்தவனை இரண்டு காலும் இல்லாமல் அனுப்பலாம்.

தம்பி


ஜூலை 6

சைக்கிள் கடைக்காரரைக் கேட்டேன். நீதான் கேட்கச் சொன்னாய்.

உன் கடிதத்தை அவரிடம் காட்டாமல், வலது பக்கத் தூணில் வளையம் இருந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டேன். அவர் பங்க்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "இருந்துச்சும்மா. அன்னிக்குச் சாயங்காலம்தான் போச்சு. காஸ் வண்டி ரிவர்ஸ் எடுத்தான் பாருங்க, ஆறரை மணி இருக்கும், பின்னாடி மூலை தூணில் இடிச்சு வளையத்தையே பிடுங்கிட்டுப் போயிட்டான். உங்க வீட்டுக்காரர் டிரைவர் சட்டையைப் பிடிச்சார். நான்தான் விலக்கிவிட்டேன்." காஸ் வண்டி என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை என்றார்.

எந்தச் சாயங்காலம் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "கடை எரிஞ்ச அன்னிக்கும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமாவின் படத்தை எடுத்துப் பார்த்தேன். மூலையில் கேமரா தேதி அடித்திருக்கிறது. அதே வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி ஐம்பது, பால் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது எடுத்தது. நீ வீட்டுக்கு வருவதற்கு முன்னால், நாங்கள் சண்டை போடுவதற்கு முன்னால். அதில் வளையம் இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்குப் போய்விட்டது. எட்டு மணிக்குத் தீ. தீயணைப்புக்காரர்கள் கடப்பாரையால் நெம்பியதில் ஷட்டர் மட்டும் இல்லை, இரண்டு தூணும் சேர்ந்து சரிந்தது. மறுநாள் எல்லாவற்றையும் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். வளையம் இல்லாத அந்தத் தூண் இந்த உலகத்தில் ஒன்றரை மணி நேரம்தான் நின்றது. நீ அதைப் பார்த்திருக்கிறாய். சாண் போட்டு அளந்திருக்கிறாய்.

உன் இரண்டு மணி ரயில் எங்கேயடா நின்றது?

பூட்டு இடது பக்கம் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சாகிறவர் வெளியே வந்து பூட்டுப் போட்டுவிட்டுப் போகமாட்டார். புகையிலும் இடிபாட்டிலும் அந்தப் பூட்டு யார் கண்ணிலும் படவில்லை.

ஆறே முக்காலுக்கு அவர் எனக்குப் போன் செய்தார். "ஏய், கேளு, ஒரு லாரிக்காரன்..." என்று ஆரம்பித்தார். கோபத்தில் நான் வைத்துவிட்டேன். மூன்று வருடமாக அந்த அரை வாக்கியத்தை வைத்துக்கொண்டு அலைந்தேன், லாரியில் விழப்போகிறேன் என்று சொல்ல வந்தாரோ என்று. வளையம் போனதைச் சொல்ல வந்திருக்கிறார். வேறு ஒன்றும் இல்லை.

மருந்துக்கடையையும் தபால் நிலையத்தையும் குத்தி நொறுக்கிவிட்டேன். பதினோராவது வரிசை ஜன்னல் என் விரல் எலும்பில் குத்திக்கொண்டு நிற்கிறது. உன் முகம் இங்கே இல்லையே என்று அட்டை முகங்களைக் குத்தினேன்.

என்ன நடந்தது என்று எழுது. ஒரு செங்கல் விடாமல் எழுது. எழுதாவிட்டால் அந்த இரும்பு ஸ்கேலோடு உன் பாலத்துக்கு வருவேன், பல்லோடு விடமாட்டேன்.


ஜூலை 15

அக்கா,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. முதல் நாள் பாலத்தின் ஓரத்தில் போய் நின்றேன். கீழே பாறை. குதிக்கத் தைரியம் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு பொய் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதில் ஓர் இடத்தில் நேரம் ஒத்துவரவில்லை, எனக்கே பொறுக்காமல் கிழித்தேன்.

இரண்டு மணி ரயிலில் நான் ஏறவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அது போவதைப் பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பஞ்சாலையே கண்ணில் நின்றது. வெட்டியதைக்கூடப் பொறுத்திருப்பேன். ரம்பம் படிக்கட்டின் நடுவில் போயிருந்தது. ஒவ்வொரு படியையும் நான் தனித்தனியாக வெட்டி ஒட்டியவன்.

ஏழரைக்குக் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, குனிந்து உள்ளே போனேன். சைக்கிள் கடை சாத்தியிருந்தது. மாமா ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். பற்றவைக்கிற இரும்பு சூடாக இருந்தது, வார்னிஷ் டப்பா திறந்திருந்தது. "ரயிலை விட்டுட்டியா மச்சான்? வா, உட்காரு" என்றார். நான் உட்காரவில்லை. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். "இன்னும் அதேதானா? வெட்டினேன், தப்புதான், விடு" என்றார். மறுபடி கேட்டேன். "அட்டைக்காக அழறியாடா" என்று சிரித்தார்.

முதல் அடி என்னுடையது. வாயில். உதடு கிழிந்தது. அவர் அந்த மோட்டாரின் இரும்புக் கூட்டை எடுத்து என் நெற்றியில் அடித்தார். புருவத்துக்கு மேல் எலும்பு தெரிந்தது, அந்தத் தழும்பைத்தான் ஏணியிலிருந்து விழுந்ததாக இங்கே சொல்லிவைத்திருக்கிறேன். பிறகு இரண்டு பேரும் தரையில் உருண்டோம். அவர் என் கழுத்தைப் பிடித்தார், நான் அவர் தலையை மேஜைக் காலில் மூன்று தடவை மோதினேன். மேஜை ஆடியது. டப்பா உருண்ட சத்தம் கேட்டது. கேட்டது அக்கா, கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வார்னிஷ் வாசனையும் வந்தது. சூடாக இருந்த அந்தப் பற்றவைக்கிற இரும்பு எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.

அவர் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்து ஷட்டரை முழுக்க இறக்கினேன். ஒரு ராத்திரி உள்ளேயே கிடக்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். பூட்டும் சாவியும் இடது வளையத்தில் தொங்கின. வலது பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், ஓட்டைதான் இருந்தது. கையை விரித்துச் சாண் போட்டுப் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை, அது என் கைப்பழக்கம். இடதில் பூட்டினேன். சாவியைச் சாக்கடையில் போட்டேன்.

உள்ளேயிருந்து தட்டினார். "மச்சான், விளையாடாதே, திற." நான் ஷட்டரில் வாயை வைத்து, "ஏன் வெட்டினே, சொல்லு" என்றேன். "நான்தாண்டா வெட்டினேன், தப்புடா, திற" என்றார். நான் நடந்துவிட்டேன்.

அச்சகம் வரை போனேன். தட்டுகிற சத்தம் மாறியது. அதுவரை கையால் தட்டினார், பிறகு உடம்பால் மோத ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தேன். ஷட்டரின் அடியில் வெளிச்சம். ஓடி வந்து பூட்டைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் சுட்டது. விடவில்லை. உள்ளங்கைத் தோல் பூட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சாக்கடையில் கையை விட்டுத் துழாவினேன், சாவி கிடைக்கவில்லை. "மாமா, தள்ளு, நான் இழுக்கறேன்" என்று கத்தினேன். அவர் தள்ளினார். ஐந்து தடவை தள்ளினார். ஆறாவது தடவைக்கு நான் காத்திருந்தேன்.

தெருமுனையில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. நான் மறுபக்கம் ஓடினேன். அடுத்த ரயிலில் ஏறினேன்.

அவர் உன்னால் சாகவில்லை. நீ அவரைத் திட்டினாய் என்பது எனக்குத் தெரியவே தெரியாது, முதல் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதைப் படித்தபிறகும் ஜன்னல் வரிசையைப் பற்றி உனக்கு எழுதினேன். அது கொலையைவிடக் கேவலம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வைத்து நீ என்ன வேண்டுமானாலும் செய். நான் எங்கேயும் ஓடமாட்டேன். ஒன்றே ஒன்று. அவர் ஏன் வெட்டினார் என்று மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை. என் கட்டடத்தைத் தொடப் பயப்படுகிற மனிதர் அவர்.

தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

உன் ஐந்து... இல்லை, மூன்று கடிதங்களையும் நேற்று இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். எண்ணிக்கைகூட எனக்கு ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது. அவர் படித்துவிட்டு, "உங்க கூடப்பிறந்த தம்பியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தண்ணீர் கொடுத்தார். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர்கள் வந்திருந்தால், எங்கே கொண்டுபோனாலும் இது உன்னைத் தேடி வரும். முழுக்கப் படி.

கதவை உதைத்தவனின் முழங்காலுக்கு நானும் ஒரு வழக்கில் நிற்கிறேன். நீயும் நானும் ஒரே கோர்ட் படிக்கட்டில் ஏறினாலும் ஏறுவோம். உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. கழுத்தை நெரிப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. சின்ன வயதில் அப்பா பெல்ட்டை எடுக்கும்போதெல்லாம் உன்னை என் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்றவள் நான். அந்த அடிகளை எல்லாம் இப்போது திருப்பிக் கேட்கிறேன்.

ஏன் வெட்டினார் என்று கேட்டிருக்கிறாய்.

அவர் வெட்டவில்லை.

அதற்கு முந்திய நாள் வியாழக்கிழமை. தண்டவாளத்துக்குப் பின்னால் நாலு விரல் இடம்தான் இருந்தது. உன் ஆலை எட்டு விரல் ஆழம். எங்கே வைத்தாலும் ரயில் அதில் இடித்தது. நான் நாளெல்லாம் அட்டை வெட்டுகிறவள், எனக்கு அது ஓர் அட்டைதான். உள்ளே படிக்கட்டு இருப்பதைக் கூரையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்திலிருந்து கொண்டுவந்த ரம்பத்தால் அரை மணி நேரத்தில் நெடுக்காக அறுத்துவிட்டேன். சுவரில் சாய்த்து வைத்தபோது எவ்வளவு அழகாகப் பொருந்தியது தெரியுமா? உன்னிடம் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்று நினைத்தேன்.

அவர் கடையிலிருந்து வந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "குண்டூசிக்குத் தெரிஞ்சா உன் கையை முறிச்சிடுவான்டி. நான் வெட்டினதாச் சொல்லிக்கிறேன். மச்சானும் நானும் அடிச்சுக்கறது புதுசா என்ன?" என்றார். மறுநாள் நீ வந்தாய், அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், நீ கதவை அறைந்துவிட்டுப் போனாய். நீ போனபிறகு, அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லு என்று என்னிடம் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. அந்தச் சண்டையில்தான் செத்துத் தொலைங்க என்றேன்.

நீ உதட்டைக் கிழித்தபோது அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையை மேஜைக் காலில் மோதியபோது சொல்லியிருக்கலாம். ஷட்டருக்குப் பின்னாலிருந்து கேட்டாயே, அப்போதாவது, உன் அக்காதாண்டா வெட்டினாள் என்று சொல்லியிருந்தால் நீ திறந்திருப்பாய். நீ என்னை அடிக்கமாட்டாய். அது அவருக்குத் தெரியவில்லை, நமக்குத்தான் தெரியும்.

முதல் கடிதத்திலேயே இதைச் சொல்ல வந்தேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று தள்ளிப்போட்டேன்.

நொறுக்கிய இரண்டு கட்டடத்தையும் திரும்பச் செய்துவிட்டேன். அவர் கடையையும் நீ சொன்னபடி மாற்றினேன். வலது தூணில் இரண்டு ஓட்டை, ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புச் செங்கல், விளிம்பில் பச்சைப் பெயிண்ட். இடது வளையத்தில் ஊசி முனையளவு பூட்டு. கண்காட்சிக்கு வருகிறவர்கள் அதைக் கவனிக்கமாட்டார்கள். இரண்டு கோடியிலும் நிற்கிற உன் ஆலையைத்தான் பார்ப்பார்கள், அதுதான் தெருவிலேயே அழகு.

மூன்று வருடமாக என் நாக்கைச் சபித்துக்கொண்டிருந்தேன், தம்பி. நாக்கு ஒன்றும் செய்யவில்லை. கைதான்.

அக்கா